பச்சைக் கோட்டும் கூடு சுமக்கும் பூச்சியும்

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதுகிறேன். திடீரென்று இப்படிக் கடிதம் போடுவதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். கடிதம் என்றாலே கெட்ட சேதி என்று நினைப்பவர் நீங்கள். பயப்படாதீர்கள். இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை, அம்மா நலம், நானும் நலம். இதைத்தான் முதல் வரியில் எழுத நினைத்தேன். மன்னிப்புக் கேட்டதில் அது கீழே போய்விட்டது.

ஞாயிறுதோறும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். அம்மா பேசி முடித்து என் கையில் போனைக் கொடுத்தால், "நல்லா இருக்கேன்ப்பா, நீங்க சாப்பிட்டீங்களா" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது. உங்களுக்கே தெரியும். அது மட்டும் இல்லை. அந்தப் பச்சைக் கோட்டைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் நீங்கள் "சரி, வேற என்ன" என்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் அப்படிச் சொல்ல முடியாது அல்லவா? அதனால்தான் எழுதுகிறேன். சலவைச் சீட்டு பார்த்தே எழுத்துக் கற்றவர் நீங்கள் என்பதால், சீட்டில் எழுதுவது போலவே பெரிது பெரிதாக, கூட்டெழுத்து இல்லாமல் எழுதியிருக்கிறேன். அறையில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டாம். மெதுவாக நீங்களே படியுங்கள்.

இன்னொரு மன்னிப்பும் இருக்கிறது. பேண்டு வாத்தியக் குழு மாஸ்டர் எறிந்துவிட்டுப் போன அந்தக் கோட்டைத் தகரப் பெட்டிக்குள் கட்டி வைத்துவிட்டுப் போனீர்களே, அந்தக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். "இதை மட்டும் யாரும் பிரிக்காதீங்க" என்று நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நீங்கள் ஊரை விட்டுப் போன இந்த மூன்று வருடமாக அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்து படித்தவள் நான், ஒரு நாளும் கை வைக்கவில்லை. இப்போது பிரித்ததற்குக் காரணம் ஒரு பூச்சி. அரிசி அளவுகூட இல்லாத பூச்சி.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நான் நகல் எடுக்கும் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். விலங்கியல் படித்துவிட்டு நகல் எடுக்கிறாளே என்று வருத்தப்படாதீர்கள், நல்ல வேலை வரும்வரைக்கும்தான். அம்மா எப்போதும் போல வீட்டில் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுக்கிறாள். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டாள். போட்டதிலிருந்து என் முகத்தில் பரு இருப்பதையும், சுவரில் விரிசல் இருப்பதையும் தினமும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு மாலை, விளக்கைப் போட்டதும் சமையலறைச் சுவரில் வைக்கோல் நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி வந்து உட்கார்ந்தது. எனக்குச் சட்டென்று மூன்றாம் வருடப் பாடம் நினைவுக்கு வந்தது. துணி தின்னும் அந்து என்று ஒரு வகை உண்டு. பூச்சி துணியைத் தின்னாது, அதற்கு வாயே சரியாக இருக்காது. அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுதான் தின்னும். கம்பளி என்றால் உயிர். தின்ற இடத்தில் சின்னச் சின்ன ஓட்டை விழும். அந்தப் பாடத்தை நடத்திய அன்றே எனக்குப் பச்சைக் கோட்டின் நினைவு வந்தது. ஆனால் வகுப்பில் எழுந்து கேட்க வெட்கம். அப்படியே மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

"அம்மா, இது துணி தின்னுற பூச்சிம்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது அரிசிப் பூச்சிடி. பானையைத் திற, இன்னும் நாலு பறக்கும்" என்றாள்.

பட்டம் வாங்கப் போகிறவள் நான், பூச்சியைப் பற்றி அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்துவிட்டேன். பூச்சியை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்துக்கொண்டு, மறுநாள் நேராகச் சலவைக் கடை முதலாளியிடம் போனேன். ஆமாம், நான்தான் போனேன். வாசலில் கால் மணி நேரம் நின்றேன், அதுவும் உண்மைதான்.

முதலாளி கறை பார்க்கும் மேசையில் இருந்தார். நான் புட்டியை வைத்து, கோட்டில் ஓட்டை போட்டது எங்கப்பாவின் கரி இஸ்திரிப் பெட்டியிலிருந்து விழுந்த பொறி இல்லை, இந்தப் பூச்சியின் புழு என்று சொன்னேன். இது அந்தப் பூச்சிதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்றார். "இந்த வகைக்கு வெளிச்சமே ஆகாதுங்க, விளக்கைக் கண்டா ஓடி ஒளிஞ்சுக்கும்" என்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். அவர் கறை பார்க்கும் விளக்கைப் போட்டார். பூச்சி புட்டியின் அடியிலிருந்து எழுந்து நேராக விளக்குப் பக்கம் போய் 'டக் டக்' என்று முட்டிக்கொண்டு நின்றது.

"உன் பூச்சி உன் புத்தகத்தைப் படிக்கல போலிருக்கும்மா" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "கோட்டைப் பிரிச்சுப் பார்த்தியா?" என்று கேட்டார். அப்பா பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்றேன். "அப்ப எதை வச்சும்மா பேசுற? உங்கப்பா மேல எனக்கும் ஒன்னும் கோபம் இல்ல. ஆனா அவரே ஒத்துக்கிட்ட விஷயம். வீட்டுக்குப் போ" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டு வீடு வந்து அரிசிப் பானையைத் திறந்தேன். நான்கு பறக்கவில்லை, ஆறு பறந்தன. அம்மா முறத்தை எடுத்து அரிசியைப் புடைக்க உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

உங்களைப் 'பொறியாளர்' என்று கிண்டல் செய்தார்களே, அந்தப் பெயர் மறுபடி இரண்டு நாள் தெருவில் நடமாடியது. என் அவசரத்தால் வந்தது. அதற்கும் சேர்த்து மன்னித்துவிடுங்கள்.

பிறகு ஐந்தாறு நாள் கழித்து, அம்மா கூட்டுவதற்காகத் தகரப் பெட்டியை இழுத்தாள். "ஏ, இங்க வா" என்று கூப்பிட்டாள். பெட்டிக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்னப் பூச்சி. சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். டார்ச்சை அடித்தேன். அது பறக்கவே இல்லை. விறுவிறுவென்று ஓடி விரிசலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னாள்: "ரெக்கை இருக்கு, இருந்தும் பறக்க மாட்டேங்குது பாரு. வெளிச்சம் பட்டா மூலையில போய் ஒண்டிக்குது. அசல் உன்ன மாதிரி."

நான் சிரித்தேன். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. இதைத்தானே முதலாளியிடம் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தேன்!

இந்த முறை அவசரப்படவில்லை. பிடித்து, மறுநாள் மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம் நகல் இயந்திரத்தின் கண்ணாடி மேல் வைத்து, நான்கு மடங்கு பெரிதாக்கி எடுத்தேன். அதை மறுபடி வைத்து இன்னும் நான்கு மடங்கு. கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டார். "ஏம்மா, ரேஷன் அட்டைக்கும் சான்றிதழுக்கும் நகல் எடுத்துத்தான் பார்த்திருக்கேன். பூச்சிக்குமா? முன் பக்கம் மட்டுமா, ரெண்டு பக்கமுமா?" என்றார். இரண்டு பக்கமும்தான் எடுத்தேன். திட்டவில்லை, நல்ல மனிதர்.

பெரிதாக்கிய படத்தில் தெளிவாகத் தெரிந்தது. ஒரு சிறகில் மூன்று கறுப்புப் புள்ளி. இன்னொரு சிறகில் செதில் உதிர்ந்து ஒன்றுதான் மிச்சம். தலையில் மயிர் கலைந்து நின்றது, தூங்கி எழுந்த மாதிரி. சிறகின் ஓரம் முழுக்கக் குஞ்சம். அரிசி அந்துக்கு இந்தப் புள்ளிகள் கிடையாது. புத்தகத்தை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மூன்று முறை ஒப்பிட்டேன், நான்காவது முறை அம்மாவையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். கூடு சுமக்கும் துணி அந்து. அதேதான்.

அந்தப் பெயர் வந்த காரணம்தான் முக்கியம் அப்பா, இங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். இந்தப் புழு வெறும் உடம்போடு இருக்காது. தான் எந்தத் துணியைத் தின்கிறதோ அந்தத் துணியின் இழையையே எடுத்து, தன் வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டி, ஒரு குட்டிக் கூடு பின்னிக்கொள்ளும். உறை மாதிரி இருக்கும், இரண்டு முனையும் திறந்திருக்கும். அதைச் சுமந்துகொண்டேதான் நடக்கும். வளர வளர உறை பத்தாமல் போகும் அல்லவா, அப்போது இரண்டு முனையிலும் புது இழை சேர்த்து நீட்டிக்கொள்ளும். ஆக, நடுப்பகுதி பழசு, ஓரங்கள் புதுசு.

அதற்குப் பிறகுதான் பொட்டலத்தைப் பிரித்தேன். நீங்கள் போட்ட முடிச்சை அறுக்கவில்லை. சலவைக் கடை முடிச்சு, ஒரு முனையை இழுத்தால் கழன்றுவிடும் என்று சின்ன வயதில் காட்டியிருக்கிறீர்கள்.

கோட்டைப் பார்த்து அம்மா உட்கார்ந்துவிட்டாள். ஏழு ஓட்டை இருந்த கோட்டில் இப்போது முப்பதுக்கு மேல். ஆனால் பழைய ஏழு எது என்று தெளிவாகத் தெரிந்தது. குறை உள்ள இடத்தைச் சுற்றி முதலாளி சிவப்பு நூலால் வளையம் ஓட்டுவாரே, அந்த ஏழு வளையமும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கழுத்துப் பட்டைக்கு அடியில் இரண்டு. அக்குளில் இரண்டு. பையின் மூடிக்குக் கீழே ஒன்று. முதுகுப் பக்கம் பட்டையை ஒட்டி ஒன்று. இடது கை முனையில் ஒன்று.

முதல் ஆறிலும் கருகல் இல்லை. விரலால் தடவினால் ஓரம் மென்மையாக இருந்தது. சுற்றிலும் கம்பளியின் மேல் மயிர் மேய்ந்தது போலத் தேய்ந்திருந்தது. வியர்வை பட்ட இடம்தான் புழுவுக்குப் பிடிக்கும். கழுத்தும் அக்குளும் அதனால்தான். அக்குளுக்குள் எந்த இஸ்திரிப் பெட்டி போகும்? பட்டைக்கு அடியில் எந்தப் பொறி புகும்? எண்ணி வளையம் போட்டார்களே தவிர, யாராவது ஒருவர் ஓரத்தைத் தடவிப் பார்த்திருந்தால் போதும். யாரும் பார்க்கவில்லை, நீங்கள் உட்பட. பேண்டு மாஸ்டர் கோட்டை மேசையில் எறிந்து கத்தியபோது, "ஆமாங்க, என் பெட்டியிலிருந்து பொறி பறந்துச்சு, நான் பார்த்தேன்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டீர்கள். அதன் பிறகு யார் பார்ப்பார்கள்?

ஏழாவது வளையம், இடது கை முனை. இதை எழுதத்தான் ரொம்ப யோசித்தேன். அதில் கடுகு அளவு ஒரு கருகல் இருக்கிறது. தொட்டால் கறுப்பாக, கரகரப்பாகப் பொடிகிறது. அது நீங்கள் சொன்ன பொறிதான். ஆனால் அப்பா, அது ஓட்டையே இல்லை. ஊசியால் குத்திப் பார்த்தேன், அடியில் துணி முழுசாக இருக்கிறது, உள் துணியில் கறைகூட இல்லை. கம்பளி லேசில் பற்றாது, பொறியைத் தானே அணைத்துவிடும். நீங்களும் விரலால் கிள்ளி அணைத்திருக்கிறீர்கள். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் சேர்த்து வளையம் போட்டுவிட்டார்கள்.

புழு எங்கிருந்து வந்தது என்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் உடுப்பில் ஒட்டிக்கொண்டு நம் வீட்டிலிருந்து போனதா, கடையிலேயே இருந்ததா? நம் வீட்டிலிருந்து என்றால் முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது? கழுத்துப் பட்டையின் தையலைப் பிரித்தேன். மடிப்புக்குள் காலிக் கூடுகள் ஒட்டியிருந்தன. பெரும்பாலும் முழுப் பச்சை. நாலைந்து மட்டும் வேறு மாதிரி. எனக்கு எல்லாம் அழுக்காகத்தான் தெரிந்தது. அம்மா ஒன்றை எடுத்து வெள்ளைச் சட்டை மேல் வைத்துப் பார்த்தாள். நூல் நிறம் பார்ப்பதில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது என்பீர்களே.

"ரெண்டு ஓரமும் இந்தப் பச்சை. நடுவுல அரக்கு" என்றாள். "கோட்டுல அரக்கு எங்க இருக்கு? உள் துணிகூட கறுப்பு."

நம் வீட்டில் அரக்கு நிறத்தில் கம்பளியே கிடையாது. அப்படியென்றால் அந்தப் புழு பச்சைக் கோட்டுக்கு வருவதற்கு முன்பே வேறு எங்கேயோ அரக்குத் துணியைத் தின்று பாதி வளர்ந்திருக்கிறது. நான் சொல்லி முடிக்கவில்லை, அம்மா எழுந்துவிட்டாள். "பேண்டுக்காரங்க தொப்பி!" என்றாள். "அந்த மொத்தைக் கம்பளித் தொப்பி அரக்குதானடி. தெருவையே மறைச்சுக்கிட்டுப் போவாங்களே."

மறுநாள் மறுபடி சலவைக் கடை. இந்த முறை வாசலில் நிற்கவில்லை, நின்றால் திரும்பிவிடுவேன் என்று தெரியும். கோட்டு, கூடுகள் ஒட்டிய அட்டை, பூச்சியின் படம், எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, "பார்த்துட்டுச் சிரிங்க" என்றேன். அந்த வார்த்தை எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முதலாளி கறை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளையமாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணியை வாங்கும்போது விரிச்சுப் பார்த்து வாங்கணும்கிறது இந்தக் கடையோட சட்டம். நான் போட்ட சட்டம். அன்னிக்குப் பதினெட்டுக் கோட்டு, மறுநாள் அவங்களுக்குப் போட்டி. குவியலா வாங்கிப் போட்டேன். தப்பு என் மேலம்மா" என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு, "நட" என்றார்.

பேண்டு ஒத்திகை நடக்கும் கூடத்துக்குப் போனோம். பதினைந்து இருபது பேர், எல்லாம் ஊதிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் இன்னும் அதே மீசை, அதே தொண்டை. முதலாளி விஷயத்தைச் சொன்னார். மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்து, "நம்ம பொறியாளர் பொண்ணா? வா வா. மூணு வருஷம் கழிச்சு எங்க வீட்டுலதான் பூச்சின்னு சொல்ல வந்தியா? நான் அந்தச் சல்லடையைப் போட்டுக்கிட்டு மேடை ஏற முடியாம, வெறும் சட்டையோட நின்னவன்ம்மா" என்றார்.

முதலாளி பேசட்டும் என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இருபது பேர் வாத்தியத்தை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்தார்கள். நான் மாஸ்டர் முகத்தைப் பார்க்கவில்லை, அவர் பக்கத்தில் இருந்த பெரிய மேளத்தைப் பார்த்துப் பேசினேன். "இதுல ஏழு வளையம் இருக்குங்க. ஆறு, புழு தின்னது. ஒன்னு எங்கப்பாவோடது. அது ஓட்டை இல்ல, கருகல். ஆனா அது எங்கப்பாவோடதுதான்" என்றேன். கூட்டின் நிறத்தையும் சொன்னேன். பழைய தொப்பிகள் எங்கே என்று கேட்டேன்.

மாஸ்டர் வீட்டுப் பரணில் என்றார்கள். சீருடை மாறிய பிறகு யாரும் தொடவில்லையாம். தன் கோட்டையும் எல்லோருடைய தொப்பிகளையும் முன்பு ஒரே பெட்டியில்தான் வைத்திருந்தாராம். மற்றவர்கள் கோட்டு அவரவர் வீட்டில் இருந்ததால் தப்பித்திருக்கிறது. இரண்டு பேர் போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். மாஸ்டரே திறந்தார். மேலே இருந்த தொப்பியை எடுத்துக் காற்றில் உயர்த்தினார். கையில் விளிம்பு மட்டும் வந்தது, மற்றதெல்லாம் பொடியாக அவர் மீசையிலேயே கொட்டியது. உள்ளே கூடு கூடாக, எல்லாம் அரக்கு. ஒரு பூச்சி வெளிச்சம் பட்டதும் பெட்டி மூலைக்கு ஓடியது. ஊதுகுழல்காரர் ஒருவர், "மாஸ்டர், போட்டிக்கு நம்மளவிட அதிகமாப் பயிற்சி எடுத்தது இதுங்கதான் போல" என்றார். யாராலும் அடக்க முடியவில்லை. மாஸ்டருமே சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டார். "அவரும் ஏன் ஒத்துக்கிட்டாரு? ஒரு தடவ இல்லன்னு சொல்லியிருந்தா நானே திருப்பிப் பார்த்திருப்பேனே" என்றார்.

முதலாளி சொன்னார்: "பொறி பறந்ததை அவர் பார்த்தார். பார்த்ததைச் சொன்னார். பார்க்காதவங்க நாமதான் கத்தினோம்."

அப்பா, அந்த நேரம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுத வரவில்லை. நான் படித்தது உபயோகப்பட்டதே என்று ஒரு பெருமை, இல்லை என்று சொல்ல மாட்டேன். என் வாழ்க்கையில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு பேசியதில்லை. ஆனால் அது கொஞ்சம்தான். அந்த ஏழாவதை நான் மறைக்கவில்லை என்பதுதான் பெரிது. மறைத்திருக்கலாம். கிள்ளி எடுத்தால் உதிர்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. கை போகவில்லை. போகாததற்குக் காரணம் கல்லூரி இல்லை. அன்றைக்கு நீங்கள் கடையில் பொறி பறந்ததைப் பார்த்தேன் என்று சொன்னபோது, சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு வாசலில் நான் நின்றிருந்தேன். உங்களுக்குத் தெரியாது.

மாஸ்டர் மறுநாள் நம் வீட்டுக்கே வந்தார். அம்மாவிடம் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அவர் தொண்டைக்கு அது தெரு முழுக்கக் கேட்டது. அம்மா, "உள்ள வந்து மெதுவாச் சொல்லுங்க" என்றாள். பிறகு என்னிடம், "இல்லடி, வெளியிலயே சொல்லியிருக்கட்டும்" என்றாள். உங்கள் விலாசம் கேட்டார். கொடுத்திருக்கிறேன். அவர் கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கும்.

முதலாளி சொல்லச் சொன்னது: உங்கள் மேசையில் இதுவரை நான்கு பேரை வைத்துப் பார்த்தாராம், யாரும் கழுத்துப் பட்டையை ஒழுங்காகப் படிய வைப்பதில்லையாம். "வந்தா மேசை இருக்கு, வரலேன்னாலும் மரியாதை இருக்கு, அதைச் சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன். நீங்கள் அங்கே பெட்டிகளுக்கு நாடா ஒட்டுகிற வேலையிலேயே இருப்பதா, இங்கே வருவதா என்பதை நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்ளுங்கள். அதில் நான் தலையிட மாட்டேன்.

நான் நினைப்பது வேறு. உங்கள் அறையில் இருக்கும் டிரைவர் மாமா ஒருமுறை போனில் சொன்னார், நீங்கள் மூன்று வருடமாக இஸ்திரிப் பெட்டியைத் தொடுவதே இல்லையாம். உங்கள் சட்டையைக்கூடத் தேய்க்காமல் தலையணைக்கு அடியில் மடித்து வைத்துப் படுத்துக்கொள்வீர்களாம். யாராவது அவசரத்துக்குத் தேய்த்துத் தரச் சொன்னால், "என் கை சரியில்லைங்க" என்பீர்களாம். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நான் அன்று சாப்பிடவில்லை. ஊர் சொன்னது ஊரோடு போகும். நீங்களே உங்கள் கையைச் சந்தேகப்பட்டதுதான் என்னால் தாங்க முடியாதது. பூச்சியைப் பிடித்ததெல்லாம் முதலாளிக்காகவோ மாஸ்டருக்காகவோ இல்லை அப்பா, இந்த ஒன்றுக்காகத்தான். உங்கள் கைக்கு ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட இருபத்திரண்டு வருடத்தில் கடுகு அளவு ஒரே ஒரு கருகல், அதையும் சொல்லிவிட்டீர்கள்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டே, "இன்னும் எழுதுறியா, அது என்ன கடிதமா, பரீட்சையா" என்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமல் நூலைக் கடித்துவிட்டாள்.

முடிக்கிறேன். ஒரு வேண்டுகோள் இருக்கிறது. முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பேன். "லீவு கிடைக்காதும்மா" என்று உடனே முடிவு செய்துவிடுவீர்கள் என்று பயந்து இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன்.

வருகிற மாதம் பதினேழாம் தேதி எனக்குப் பட்டம் கொடுக்கிறார்கள். அன்றைக்குப் போட்டுக்கொள்ளக் கல்லூரியில் கறுப்பு அங்கி ஒன்று தந்திருக்கிறார்கள். மேடையை விட்டு இறங்கியதும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், சின்னக் கறைகூட ஆகாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். மூட்டையில் கிடந்து ஒரே சுருக்கம். நம் தெருவில் மின்சாரப் பெட்டி வைத்துத் தேய்ப்பவர் இருக்கிறார். நான் கொடுக்கவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே வந்து நீங்கள் அதைத் தேய்த்துத் தர வேண்டும். கரிப்பெட்டியில்தான்.

இது கம்பளி இல்லை அப்பா, பருத்தி. பொறி விழுந்தால் அணையாது, ஓட்டை விழும். தெரிந்துதான் கேட்கிறேன். விழுந்தால் அந்த ஓட்டையோடு மேடை ஏறிவிட்டு, இது எங்கப்பாவுடையது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன்.

இப்படிக்கு,
பதிலை அல்ல, உங்களையே எதிர்பார்க்கும்
உங்கள் மகள்